வாரக்கடைசியில் புசான் திரைவிழா: போய்வரத் தகுமா?

2024 அக்டோபர் 9, புதன்

வாசகர் ஒருவரின் கேள்வி: "களியக்காவிளையிலிருந்து நண்பர்கள் நால்வர் கொரியாவுக்கே போய்ப் படம் பார்த்துவிட்டு வந்தீர்களாம். பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் திருவனந்தபுரம். டிசம்பரில் கேரளத் திரைவிழாவுக்கு உலகப் படமெல்லாம் அங்கேயே வருகிறது. பிறகு எதற்கு இந்த ஆடம்பரம்? கடற்கரை மணலில் பாய் விரித்துப் படம் பார்க்கவா?"

அக்டோபர் 9, இரவு

பாயும் இல்லை, மணலும் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் கூட்டத்தில் இருவர் அந்த நினைப்பில்தான் பணம் கட்டினார்கள்.

புசான் கடற்கரை நகரம்தான். ஹேயுண்டே கடற்கரை ஒன்றரை கிலோமீட்டர் நீளம். பின்னால் சுவர் எழுப்பியதுபோல் அடுக்குமாடிகள். ஆனால் விழா நடப்பது அங்கிருந்து மெட்ரோவில் மூன்றாவது நிலையமான சென்டம் சிட்டியில். சுற்றிலும் கண்ணாடிக் கட்டடங்கள். உலகத்திலேயே பெரிய பல்பொருள் அங்காடி என்று கின்னஸில் ஏறிய கடை பக்கத்திலேயே இருக்கிறது. அதற்குள் இருக்கும் திரையரங்கிலும் விழாப் படங்கள் ஓடுகின்றன. ஒரு படம் முடிந்து அடுத்த படத்துக்குப் போக, வாசனைத் திரவிய மாடியையும் குழந்தைத் துணி மாடியையும் தாண்ட வேண்டும். கடல் எந்தப் பக்கம் என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு காலத்தில் மணலிலேயே மேடை போட்டு, நடிகர்களை உட்கார வைத்துப் பேச வைத்தார்கள். 2016-இல் விழா தொடங்குவதற்கு முந்தைய நாள் சாபா என்ற சூறாவளி அடித்து, கடற்கரையில் எழுப்பியிருந்ததையெல்லாம் பிரித்துப் போட்டது. நிகழ்ச்சிகளை உள்ளே, சென்டம் சிட்டியின் திரைப்பட மையத்துக்கு மாற்றினார்கள். குளச்சல் பக்கம் ஆவணி, புரட்டாசியில் கடல் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஏன் போனோம் என்பதற்குப் பதில் பிறகு. விமானக் களைப்பு இன்னும் போகவில்லை.

அக்டோபர் 10, காலை

பயண விவரம் கேட்டிருக்கிறார்கள். திருவனந்தபுரத்திலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து புசான். வியாழன் இரவு கிளம்பினோம். நவராத்திரி ஊர்வலம் போன வாரம்தான். பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வரும் சரஸ்வதியும் வேளிமலைக் குமரனும் முன்னுதித்த நங்கையும் நாங்கள் கிளம்பும் முன்பே எல்லையைத் தாண்டிவிட்டதால் சாலை தப்பியது. வேறு நாளாக இருந்தால் நெய்யாற்றின்கரையிலேயே விமானத்தைத் தவறவிட்டிருப்போம்.

கொரியாவுக்கு இந்தியருக்கு விசா வேண்டும். வங்கிக் கணக்கு, வேலைச் சான்று, விடுப்புக் கடிதம், தங்குமிடப் பதிவு எல்லாம் கேட்கிறார்கள். விழாவுக்குப் பல வாரம் முன்பே தொடங்கிவிடுங்கள். கொரியா நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நாங்கள் போனபோது கூகுள் வரைபடம் அங்கே நடந்து போகும் வழியைக் காட்டவில்லை. நேவர் அல்லது ககாவ் வரைபடம் வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் முதல் நாள் தெருவிலேயே முடிந்துவிடும்.

விமான நிலையத்தின் பெயர் கிம்ஹே. அங்கிருந்து சிறு ரயிலில் சாசாங், சாசாங்கில் மெட்ரோவின் இரண்டாம் தடம். டாக்சி வேண்டாம்.

அக்டோபர் 10, நள்ளிரவு

ஆடம்பரமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஆடம்பரம்தான். விமானக் கட்டணமே செலவில் முக்கால் பங்கைத் தின்றுவிட்டது. அந்தப் பணத்தில் திருவனந்தபுரம் விழாவுக்கு எத்தனையோ ஆண்டு நுழைவு அட்டை எடுக்கலாம்.

படத்துக்காகப் போகாதீர்கள் என்பதுதான் என் கட்சி. புசானில் ஓடும் நல்ல படங்களில் ஒரு பகுதி டிசம்பரில் நம் பக்கம் வந்துவிடும். வாரக்கடைசியில் போகிறவனுக்கு அங்கே கிடைப்பது விரல்விட்டு எண்ணும் அளவுக்கான டிக்கெட்டுகள்தான். வேறொரு ஊர் தன் விழாவை எப்படி வைத்துக்கொள்கிறது, அங்கே பார்வையாளன் என்பவன் யார், இதைப் பார்க்கப் போகலாம். அதற்கு இவ்வளவு பணம் தகுமா என்றால், எங்கள் நான்கு பேருக்கும் நான்கு பதில்.

நால்வர் யார் என்றால்: பாறசாலைக்காரர், மலையாளி, வங்கி வேலை, திருவனந்தபுரம் விழாவில் பழம் தின்று கொட்டை போட்டவர், அவரைச் சேட்டன் என்று வைத்துக்கொள்வோம். குளச்சல் தம்பி, கழக்கூட்டத்தில் கணினி வேலை. மார்த்தாண்டம் அண்ணாச்சி, பள்ளி ஆசிரியர். படம் என்றால் இரண்டு மணி நேரத் தூக்கம், மீன் என்றால் விழிப்பு. அப்புறம் நான்.

இரண்டு விழாவும் ஒரே வயது. 1996-இல் கேரள விழா கோழிக்கோட்டில் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் புசானின் பழைய துறைமுகப் பகுதியான நம்போதோங்கில் அந்த விழா தொடங்கியது. வளர்ந்த விதம்தான் வேறு.

அக்டோபர் 11

டிக்கெட். இதைப் பற்றி மட்டும் ஒரு புராணம் பாடலாம்.

திருவனந்தபுரத்தில் நுழைவு அட்டை எடுத்துவிட்டால் மிச்சம் நம் காலும் கையும். முன்பதிவு உண்டு, ஆனால் அது கிடைக்காதவனும் வரிசையில் நின்று, தெரிந்த முகத்தைப் பிடித்து, கடைசியில் கைரளி திரையரங்கின் படிக்கட்டு ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்து பார்த்துவிடுவான். புசானில் ஒவ்வொரு காட்சிக்கும் தனி டிக்கெட், தனி இருக்கை எண். விற்பனை இணையத்தில் திறந்த நிமிடத்திலேயே பெரிய இயக்குநர்களின் காட்சிகள் தீர்ந்துவிடுகின்றன. படம் முடிந்து இயக்குநர் பேசும் காட்சி என்றால் இன்னும் சீக்கிரம். தம்பி அலுவலகத்தில் இரண்டு கணினி, ஒரு கைபேசியோடு உட்கார்ந்தும் எங்கள் பட்டியலில் முதல் வரிசைப் படம் ஒன்றுகூட மாட்டவில்லை. மாட்டியது பெயர் தெரியாத மூன்று படங்கள். அதில் இரண்டு, பட்டியலில் இருந்தவற்றைவிட நன்றாக இருந்தன என்று பிறகு பார்த்தவர்களிடம் ஒப்பிட்டுத் தெரிந்துகொண்டோம்.

வாரக்கடைசி என்பதே தவறான நாள். முதல் வார இறுதியில்தான் நட்சத்திரங்கள் எல்லாம் ஊரில் இருப்பார்கள், சியோலிலிருந்து அதிவேக ரயிலில் கூட்டம் வந்து இறங்கும். செவ்வாய், புதன் என்றால் அரங்கம் மூச்சு விடும். ஆனால் நம்மிடம் இருக்கும் விடுப்போ வெள்ளியும் திங்களும்தான்.

ரத்தாகித் திரும்பி வரும் டிக்கெட்டுகளைப் பிடிக்கலாம். போக முடியாதவர்கள் ரத்து செய்வது உடனே தளத்தில் வந்து விழும். சேட்டன் சாப்பிடும்போதும் மெட்ரோவிலும் கைபேசியை இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தார். ஞாயிறு காலை கடற்கரையில் அண்ணாச்சி படம் எடுக்கச் சொல்லி நிற்க, இவர் திடீரென்று "கிடைத்துவிட்டது, ஓடுங்கள்" என்று கத்தினார். கிடைத்தது இரண்டு டிக்கெட். சேட்டனும் தம்பியும் போனார்கள். மூன்று மணி நேர மங்கோலியப் படம். நானும் அண்ணாச்சியும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். யாருக்கு நல்ல காலம் என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

அக்டோபர் 12

திரைப்பட மையத்தைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். 2011-இல் திறந்தது. ஆஸ்திரியக் கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்தது. அதன் கூரைதான் பேச்சு: ஒரு பக்கம் மட்டும் தாங்கலோடு 85 மீட்டர் வெளியே நீண்டு நிற்கிறது, தூணே இல்லாமல். கின்னஸ் இதற்கும் உண்டு. கூரையின் அடிப்பக்கம் முழுக்க எல்இடி விளக்குகள். இரவில் நிறம் மாறி ஓடும். அங்கேயே, கூரைக்கு அடியில், நான்காயிரம் பேர் உட்காரும் திறந்தவெளி அரங்கம். மழை வந்தாலும் படம் நிற்காது.

சனி இரவு அங்கே படம் பார்த்தோம். அக்டோபர் முதல் வாரம்தானே என்று மேல்சட்டை இல்லாமல் போகாதீர்கள். இருட்டியதும் கடற்காற்று பிடரியில் ஏறுகிறது. உள்ளூர்ப் பெண்கள் மடித்த போர்வையோடு வந்திருந்தார்கள். அண்ணாச்சி துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார். முன்வரிசைப் பையன் ஒருவன் தன் கையிலிருந்த, கையைச் சூடாக்கும் பொட்டலத்தை அவரிடம் நீட்டினான், தோசைக்கல்லில் கை வைத்தது மாதிரி இருந்தது என்கிறார். அதை ஊருக்கும் கொண்டு வந்தார், ஆறிப்போன பிறகும்.

சேட்டனுக்குக் கூரை பிடிக்கவில்லை. திருவனந்தபுரத்துத் திறந்தவெளி அரங்கமான நிசாகந்தியில் மரத்துக்கு மேலே நிலா தெரியுமாம். தெரியும், கொசுவும் தெரியும்.

அக்டோபர் 12, மாலை

என்னை உண்மையில் ஆட்டியது அரங்கத்துக்குள் நடந்த ஒரு விஷயம்.

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கின. தம்பி பழக்கதோஷத்தில் எழுந்தான். அந்த வரிசையில் வேறு யாரும் அசையவில்லை. பையை எடுக்கவில்லை, கைபேசியைத் திறக்கவில்லை. ஒளிப்பதிவு உதவியாளர், சமையல்காரர், வண்டி ஓட்டியவர், நன்றிப் பட்டியல் என்று கடைசி எழுத்து மேலே போய் விளக்கு எரியும்வரை அப்படியே இருந்தார்கள். பிறகு கைதட்டல். தம்பி பாதி எழுந்த நிலையிலேயே மெதுவாக உட்கார்ந்துவிட்டான்.

அடுத்து இயக்குநரோடு பேச்சு. முதல் கேள்வி கேட்ட பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். படம் ஓடும்போதே இருட்டில் குறித்த சிறு நோட்டு கையில். எழுந்து, தலை தாழ்த்தி, நன்றி சொல்லி, இரண்டாவது காட்சியில் சாளரம் ஏன் திறந்திருந்தது, கடைசியில் ஏன் மூடியிருந்தது என்று கேட்டாள். இயக்குநர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொல்ல, நாங்கள் புரிந்துகொண்டோம். இப்படியே ஐந்தாறு கேள்விகள். ஒருவர்கூட தன் கருத்தைச் சொல்ல ஒலிவாங்கியைப் பிடிக்கவில்லை.

நம் பக்கத்தில் எப்படி என்று விழாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். கேள்வி கேட்க எழுகிறவர் முதலில் உலக சினிமாவின் நெருக்கடி, அப்புறம் இடதுசாரி இயக்கத்தின் நெருக்கடி, பிறகு தான் பதினேழு வயதில் பார்த்த படம். கடைசியில் கேள்வி இருக்காது. இயக்குநர் நன்றி சொல்லி உட்காருவார்.

அக்டோபர் 14

மேலே எழுதியதைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். சேட்டன் படித்துவிட்டுச் சண்டைக்கு வந்தார்.

அவர் வாதம் இது. புசானில் கேள்வி கேட்டவர்கள் படத்தைப் பற்றி மட்டும் கேட்டார்கள், சரி. ஆனால் அரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் அவரவர் வழி. திருவனந்தபுரம் டாகூர் அரங்கத்துக்கு வெளியே படம் முடிந்தபின் ஒரு மணி நேரம் நின்று அடித்துக்கொள்கிறோமே, முன்பின் தெரியாதவனோடு டீ குடித்துக்கொண்டு, அவன் பொன்னானியா பொள்ளாச்சியா என்றுகூடத் தெரியாமல், அது அங்கே எங்கே? அமைச்சர் மேடை ஏறினால் கூவுகிற தைரியம் எங்கே?

இதில் உண்மை இருக்கிறது. புசானில் ஒரு கூட்டம் நின்று சண்டை போட்டதை நான் பார்க்கவில்லை. அரங்கத்துக்கு வெளியே சத்தம் போட்டவர்கள் நட்சத்திர ரசிகைகள் மட்டும்தான்: கையடக்க ஏணி ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, அதில் ஏறி நின்று புகைப்படம் எடுத்தார்கள். விழா ஊழியர்கள் இறங்கச் சொல்வார்கள், அவர்கள் இறங்கி இரண்டடி நகர்ந்து மறுபடி ஏறுவார்கள்.

ஆனாலும் சேட்டா, வெளியே அடித்துக்கொள்வதற்கு உள்ளே கேள்வியை ஒழுங்காகக் கேட்பது தடையாகாது.

அக்டோபர் 15

தைரியம் என்றதால் ஒன்று. அமைதியான பார்வையாளர்கள், அதனால் பயந்த விழா என்று நினைத்துவிடாதீர்கள். 2014 ஏப்ரலில் செவோல் கப்பல் மூழ்கி 304 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பள்ளி மாணவர்கள். மீட்புப் பணி எப்படிக் கோட்டைவிடப்பட்டது என்பதைப் பேசிய ஆவணப்படம் ஒன்றை அதே ஆண்டு அக்டோபரில் புசான் விழா தேர்ந்தெடுத்தது. பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று நகர மேயர் சொன்னார்; விழாவுக்குப் பணம் தருவதில் பெரும் பங்கு நகராட்சியினுடையது, அப்போது விழாக் குழுவின் தலைவரும் மேயர்தான். அப்படியும் திரையிட்டார்கள். அதன்பின் கணக்குத் தணிக்கை, நிதி வெட்டு, இயக்குநரை வெளியேற்றியது, 2016-இல் கொரியத் திரைக்கலைஞர் சங்கங்களின் புறக்கணிப்பு என்று விழா ஏறக்குறைய குலைந்தது. மீள்வதற்கு ஆண்டுகள் பிடித்தன.

2016 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் தேசிய கீதத்துக்கு எழவில்லை என்று பார்வையாளர்களைப் போலீஸ் பிடித்துப் போனதும், 2018 வெள்ளத்துக்குப் பிறகு விழாவே வேண்டாம் என்று அரசு முதலில் சொன்னதும், பிறகு நுழைவுக் கட்டணத்தை 2,000 ரூபாயாக ஏற்றிச் சிக்கனமாக நடத்தியதும் நமக்கு நினைவிருக்கிறது. அரசுப் பணத்தில் நடக்கும் எந்த விழாவுக்கும் கயிறு ஒன்று கழுத்தில் கிடக்கத்தான் செய்கிறது.

இந்த ஆண்டு புசானில் வேறு சண்டை. தொடக்கப் படமே நெட்ஃபிளிக்ஸ் படம். அரங்கத்தைக் காப்பாற்ற வேண்டிய விழா அரங்கத்துக்கு வராத படத்தோடு தொடங்கலாமா என்று பேச்சு. எனக்கு இதில் பெரிய கோபம் இல்லை. மார்த்தாண்டத்தில் கொரியப் படம் பார்க்கிற பையன்கள் எல்லாம் எங்கே பார்க்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்?

அக்டோபர் 19

கொரிய இயக்குநர் கிம் கி-டுக் பற்றி எழுதவில்லையே என்று கேட்டவர் கேரளத்துக்காரராகத்தான் இருக்க வேண்டும்.

2013-இல் அவர் திருவனந்தபுரம் வந்தபோது கூட்டம் சினிமா நடிகருக்குக் கூடுவதுபோல் கூடியது. கொரியாவில் அவர் படங்களுக்குப் பெரிய கூட்டம் இருந்ததில்லை. இந்தப் பெருமையைச் சேட்டன் புசானில் ஒரு தன்னார்வலப் பெண்ணிடம் சொன்னார். நீலச் சட்டை, கழுத்தில் அட்டை, கல்லூரி மாணவி. அவள் அதுவரை எல்லாவற்றுக்கும் சிரித்துப் பதில் சொன்னவள். பெயரைக் கேட்டதும் "ஓ" என்றாள். பிறகு எங்கள் அரங்கம் எந்த மாடி என்று கைகாட்டினாள்.

2018-இல் நடிகைகள் அவர்மேல் வைத்த பாலியல் குற்றச்சாட்டுகள் நம் பக்கத்திலும் செய்தியாக வந்தவைதான். 2020 டிசம்பரில் லாட்வியாவில் கொரோனாவில் இறந்தார். நாம் அதைப் படித்தோம், வருத்தப்பட்டோம், படங்களைத் தனியாகப் பிரித்து வைத்துக்கொண்டோம். அவளுக்குப் பிரித்து வைக்க எதுவும் இல்லை. சேட்டன் அன்று முழுக்க இதைப் பற்றிப் பேசவில்லை. மறுநாள் காலை, "நான் அவளிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை" என்றார். சொன்னதால்தானே எங்களுக்குத் தெரிந்தது என்றேன்.

அக்டோபர் 20

சாப்பாடு. அண்ணாச்சியின் துறை, அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

ஜகல்ச்சி மீன் சந்தைக்குக் கட்டாயம் போக வேண்டும். நம்போதோங் பக்கம்தான், விழா பிறந்த இடத்திலிருந்து நடக்கலாம். விற்பவர்களில் முக்கால்வாசி வயதான பெண்கள். ரப்பர் காலணி, முழங்கை வரை கையுறை. நம் குளச்சல் ஏலத்தின் சத்தம் அப்படியே. வாளை, அயலை, கணவாய், காய்ந்த நெத்திலி மலை. விலாங்கு மீனும் ஒருவகைக் கடற்புழுவும் தொட்டியில் நெளிகின்றன. கீழே வாங்கி மேல் மாடியில் கொடுத்தால் சமைத்துத் தருகிறார்கள். புளியும் தேங்காயும் இல்லாத மீன் மீனா என்று அண்ணாச்சி முதலில் கேட்டார். உப்புத் தடவிச் சுட்ட வாளையைத் தின்றபின் கேட்கவில்லை.

பன்றி எலும்புச் சாறில் சோறு போட்டுத் தருவது அந்த ஊரின் அடையாளம். காலையிலேயே தின்கிறார்கள். சைவக்காரர்கள் பாடு திண்டாட்டம். காய் என்று நினைத்ததிலும் மீன் சாறு இருக்கும். திரைவிழாச் சதுக்கத்தில், தரையில் திரைக் கலைஞர்களின் கைத்தடம் பதித்த தெருவில், விதைகளும் சர்க்கரையும் அடைத்த சூடான அப்பம் விற்கிறார்கள். வரிசை நீளம். அதுதான் தம்பி அந்த நகரத்தில் நின்றவற்றிலேயே பலன் தந்த ஒரே வரிசை.

நவம்பர் 3

கொரிய மன்னரை மணந்த நம் இளவரசியைப் பற்றிக் கேள்வி வரும் என்று தெரியும், வந்துவிட்டது.

கிம்ஹேயில் சூரோ மன்னரின் கல்லறை இருக்கிறது. விமான நிலையத்துச் சிறு ரயிலில் அந்தப் பெயரிலேயே ஒரு நிலையம். கி.பி. 48-இல் கடல்வழி வந்து அவரை மணந்தவள் தொலைதூர நாட்டு இளவரசி என்பது கதை. அயோத்தி என்று சிலர். 2001-இல் அங்கே நினைவுச் சின்னமே வைத்தார்கள். நம் பக்கத்தில் ஆய் நாடு என்கிறார்கள். விழிஞமும் பொதிகையும் சேர்ந்த நாடு, அதாவது ஏறக்குறைய எங்கள் ஊர். அண்ணாச்சி ரயிலிலேயே சம்பந்தி முறை கொண்டாடத் தொடங்கிவிட்டார்.

இந்தக் கதை இருப்பது சம்குக் யூசா என்ற நூலில். 13-ஆம் நூற்றாண்டில் ஒரு துறவி தொகுத்தது. சொல்லப்படும் நிகழ்ச்சிக்கு ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு மேல் பிந்தியது. அதை வைத்து அயோத்தியும் சொல்ல முடியாது, விழிஞமும் சொல்ல முடியாது. கதையாக ரசிக்கலாம். இதற்கு மேல் இதைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம், அண்ணாச்சியிடம் கேளுங்கள்.

டிசம்பர் 22

திருவனந்தபுரம் விழா நேற்று முன்தினம் முடிந்தது. புசானில் டிக்கெட் கிடைக்காத ஒரு படத்தை இங்கே பார்த்தேன். இருக்கை இல்லை, பக்கச்சுவரில் சாய்ந்து நின்றபடி. நல்ல படம். பெயர்கள் ஓடத் தொடங்கியதும் பாதி அரங்கம் எழுந்து வாசலை அடைத்தது, திரை தெரியவில்லை. தம்பி உட்கார்ந்த இடத்திலிருந்து "உட்காருங்கள்" என்று கத்தினான். பின்னாலிருந்து யாரோ அவனைக் கூவினார்கள்.

வெளியே வந்து டீக்கடையில் ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். இரவு கடைசி பஸ் போய்விட்டது. சேட்டன் வென்றதாக எழுதச் சொல்கிறார். எழுத மாட்டேன்.

2025 ஜூன் 8

இந்த ஆண்டு எப்போது என்று கேட்கிறவர்களுக்கு: செப்டம்பர் 17 முதல் 26 வரை. கொரியரின் அறுவடைத் திருநாள் அக்டோபர் தொடக்கத்தில் வருவதால் விழா முன்னே வருகிறது. 30-ஆவது விழா, ஆசியப் படங்களுக்குப் போட்டிப் பிரிவும் புதிதாக வைக்கிறார்கள். ஓணம் அதற்கு முன்பே முடிந்துவிடும், ஆனால் சூறாவளிக் காலம். பயணக் காப்பீட்டை விடாதீர்கள்.

நானும் தம்பியும் 22 திங்கள் முதல் 25 வியாழன் வரை என்று வைத்திருக்கிறோம். அண்ணாச்சிக்குக் காலாண்டுத் தேர்வு, விடுப்பு கிடைக்காது. சேட்டன் மட்டும் இன்னும் சனி ஞாயிறுதான் வேண்டும் என்கிறார். காரணம் கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார், ஆனால் அவர் வீட்டு முற்றத்தில் புதிதாக ஒரு சின்ன ஏணி நிற்கிறது.